கண்புரை அறுவைக்குப் பின் ஆபத்தான தொற்றையும் அழற்சியையும் வீட்டிலேயே கண்டறிந்து உடனே செயல்படுவது எப்படி?

கண்புரை அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டில் பெரும்பாலும் "வலி அதிகமானால் உடனே வரவும்" என்றுதான் எழுதியிருக்கும். அந்த அறிவுரையில் தவறில்லை, ஆனால் அது பாதி அறிவுரை. அறுவைக்குப் பின் கண்ணுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வலி இருக்கவில்லை என்பது, 420 நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1995இல் வெளியான எண்டாப்தால்மைட்டிஸ் விட்ரெக்டமி ஆய்வில் தெரியவந்தது. அதே ஆய்வில் பார்வை மங்கியதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 94 பேர். ஆகவே வீட்டில் இருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "வலிக்கிறதா?" என்பதல்ல, "நேற்று தெரிந்த அளவுக்கு இன்று தெரிகிறதா?" என்பதே.

கண்புரை எடுத்து லென்ஸ் வைத்துக்கொண்டவரையும், அவரை வீட்டில் பார்த்துக்கொள்ளும் மகன், மகள், மருமகள், பேரப்பிள்ளைகளையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. கண்நீர் அழுத்த அறுவை, விழித்திரை அறுவை, சர்க்கரை நோயாளிகளுக்குக் கண்ணுக்குள் போடும் ஊசி ஆகியவற்றுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். மருத்துவரின் பரிசோதனைக்கு இது மாற்று அல்ல. அவரிடம் எப்போது, எவ்வளவு விரைவாகப் போக வேண்டும் என்று முடிவெடுக்க உதவும், அவ்வளவுதான்.

கண்ணுக்குள் நடப்பது என்ன?

மருத்துவர்கள் எண்டாப்தால்மைட்டிஸ் என்று குறிப்பிடுவது, கண்ணின் உட்புறம் முழுவதும் கிருமியால் அழற்சி அடையும் நிலையை. இதற்குக் காரணமான பாக்டீரியாக்களில் பெரும்பங்கு நோயாளியின் சொந்த இமை விளிம்பிலும் தோலிலும் எந்நாளும் குடியிருப்பவையே. வெளியே இருக்கும்வரை அவற்றால் தொல்லை இல்லை. கண்ணின் பின்பகுதியை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் என்ற கூழ் போன்ற திரவத்தில் இரத்தக் குழாய்கள் இல்லாததால், உடலின் எதிர்ப்புச் சக்தி அங்கே தாமதமாகத்தான் வந்து சேர்கிறது. அதற்குள் கிருமிகள் பெருகி விழித்திரையை அழிக்கத் தொடங்கிவிடுகின்றன. அறுவைக்குப் பின் முதல் வாரத்திலேயே பெரும்பாலானவர்களுக்கு இது தலைகாட்டும், ஆறு வாரம் வரையிலும் வரக்கூடும். இந்தியாவில் பூஞ்சைத் தொற்றையும், சூடோமோனாஸ், நோகார்டியா போன்ற கடுமையான கிருமிகளையும் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. அறுவையின்போது கண்ணுக்குள் செலுத்தும் திரவமோ மருந்தோ மாசுபட்டிருந்தால், ஒரே நாளில் ஒரே அரங்கில் அறுவை செய்துகொண்ட பலருக்கும் இவை சேர்ந்தாற்போல் வந்துவிடும்.

இரண்டாவது நிலையில் கிருமியே கிடையாது. கருவிகளைக் கழுவிய சோப்புக் கரைசலின் மிச்சம், சரியாக அலசப்படாத குழாய்களில் உலர்ந்துபோன பழைய பசைப் பொருள், கண்ணுக்குள் சேரக் கூடாத பாதுகாப்பு வேதிப்பொருள், கார அமில அளவு தவறிய திரவம் போன்றவை கண்ணின் முன்பகுதியில் பட்டு, அங்கே கடுமையான நச்சு அழற்சியை உண்டாக்குகின்றன. மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக டாஸ் என்பார்கள். இது அறுவை முடிந்த 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். வலி குறைவாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. கருவிழி ஓரத்திலிருந்து ஓரம் வரை சாம்பல் பூத்ததுபோல் வீங்கிவிடும். இதற்கு மருந்து ஸ்டீராய்டு சொட்டு. ஆனால் நச்சு அழற்சியா கிருமித்தொற்றா என்று பிரித்தறிவது அனுபவமுள்ள மருத்துவருக்கே சில நேரங்களில் கடினம். ஐயம் இருக்கும்வரை தொற்று என்று கொண்டு செயல்படுவதே பாதுகாப்பானது. இந்த ஒரு காரணத்துக்காகவே, எத்தனை தொலைவாக இருந்தாலும், அறுவைக்கு மறுநாள் காலைப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

எது இயல்பு?

முதல் நாளில் மணல் விழுந்ததுபோன்ற உறுத்தல், நீர் வடிதல், வெளிச்சத்தில் கூச்சம், சிறிது சிவப்பு ஆகியவை எல்லோருக்கும் வரக்கூடியவை. மரத்துப்போக ஊசி போட்ட இடத்தில் வெள்ளைவிழியின் மேல் இரத்தம் திட்டாகப் படர்ந்திருந்தால், பார்ப்பவர்கள்தான் பயப்படுவார்களே தவிர, கண்ணுக்கு அதனால் கெடுதல் இல்லை. ஓரிரு வாரங்களில் அது தானாகக் கரைந்துவிடும். முற்றிப்போன புரையை எடுத்திருந்தால் கருவிழியில் வீக்கம் ஏற்பட்டு, முதல் சில நாட்கள் பார்வை புகைமூட்டமாக இருக்கலாம். இவை அனைத்துக்கும் பொதுவான ஓர் இலக்கணம் உண்டு: நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். இரண்டாம் நாள் தெளிந்த கண் நான்காம் நாள் மங்கினால், அது இயல்பின் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

வீட்டில் தினமும் செய்ய வேண்டிய சோதனை

சுவரில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டர் இதற்குப் போதும். அறுவை செய்துகொண்டவரைத் தினமும் காலையில் ஒரே நாற்காலியில், ஒரே இடத்தில் உட்கார வையுங்கள். நல்ல கண்ணை அவருடைய உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள். விரல்களால் மூடினால் இடுக்கு வழியே பார்த்துவிடுவார்கள்; பெரியவர்கள் பலர் தம்மை அறியாமலே அப்படிச் செய்வதுண்டு. கையால் கண்ணை அழுத்தவும் கூடாது. பிறகு அறுவை செய்த கண்ணால் தேதியின் பெரிய எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். அது தெரிந்தால் கிழமையை, அதுவும் தெரிந்தால் நல்ல நேரம் எழுதிய வரியை. எந்த வரி வரை படித்தார் என்பதைக் கிழித்த தாளின் பின்புறத்திலேயே குறித்து வையுங்கள். தேதியே தெரியவில்லை என்றால் ஓர் அடி தூரத்தில் விரல்களைக் காட்டி எண்ணச் சொல்லுங்கள். அதுவும் முடியவில்லை என்றால் முகத்துக்கு முன்னால் கையை அசைத்து அசைவு தெரிகிறதா என்று கேளுங்கள். கடைசியாகத் தெரிவது டார்ச் வெளிச்சம் மட்டும்தானா என்று பாருங்கள். இந்த வரிசையில் அவர் எந்தப் படியில் இருக்கிறார் என்பது, பின்னால் சொல்லப்போவதுபோல், சிகிச்சை முறையையே தீர்மானிக்கக்கூடிய தகவல்.

அடுத்து, சன்னலருகே நிற்க வைத்துக் கண்ணைப் பாருங்கள். இமை வீங்கி இருக்கிறதா, காலையில் துடைத்த பிறகும் பீளை திரும்பத் திரும்ப வருகிறதா, நேற்றைவிடச் சிவப்பு கூடியிருக்கிறதா என்று கவனியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணின் கறுப்பு வட்டத்தின் அடிப்பகுதியைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் கூர்ந்து பாருங்கள். கண்ணாடித் தம்ளரின் அடியில் வண்டல் தங்குவதுபோல், அங்கே வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு மட்டக்கோடு தெரிந்தால், அது கண்ணின் முன்னறையில் இறங்கி நிற்கும் வெள்ளணுக்கள்; பொதுவாகச் சீழ் என்கிறோம். முன்பு குறிப்பிட்ட ஆய்வில் நூற்றுக்கு 86 பேருக்கு இது காணப்பட்டது. ஆனால் கோடு தெரியவில்லை என்பதால் தொற்று இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். பார்வை குறைந்திருந்தால் அதுவே போதும்.

எந்த அறிகுறிக்கு எவ்வளவு அவசரம்?

பார்வை ஒரு படி கீழே இறங்குதல், குறைந்திருந்த சிவப்போ கூச்சமோ மீண்டும் கூடுதல், கண்ணுக்குள் புதிதாகக் கிளம்பும் வலி, வெள்ளை மட்டக்கோடு ஆகிய நான்கில் எது ஒன்று தென்பட்டாலும், நள்ளிரவாக இருந்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் சரி, அந்த நேரத்திலேயே கிளம்ப வேண்டும். "நாளைக்குக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற ஓர் இரவில் கை அசைவு தெரிந்த கண் வெளிச்சம் மட்டும் தெரியும் கண்ணாகிவிடக்கூடும்.

முதல் நாள் இரவிலோ மறுநாளோ கடுமையான தலைவலியுடன் வாந்தி வந்தால், பித்தம் என்றோ மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றோ நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. கண்ணின் உள்ளழுத்தம் திடீரென ஏறினால் இப்படித்தான் வரும். அதற்கும் உடனே போக வேண்டும். ஓரத்தில் மின்னல் வெட்டுவதுபோன்ற ஒளி, புதிதாக மிதக்கும் கரும்புள்ளிகள், ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவதுபோன்ற மறைப்பு ஆகியவை விழித்திரை விலகலைக் குறிக்கலாம். அதுவும் அன்றே காட்ட வேண்டியதுதான். நான்கு முதல் ஆறு வாரத்தில் வலியோ சிவப்போ இல்லாமல் படிக்கும் எழுத்து மட்டும் மங்கினால் விழித்திரையின் மையத்தில் நீர் கோத்திருக்கலாம். பல மாதங்கள் கழித்து மெல்ல மெல்ல மங்கினால் பெரும்பாலும் லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு மங்கியிருக்கும். இவ்விரண்டுக்கும் ஓரிரு நாட்களில் போனால் போதும்.

செய்யக் கூடாதவை

மருந்துக்கடையில் போய் "கண் சிவந்திருக்கிறது" என்று சொல்லிச் சொட்டு மருந்து வாங்கிப் போடுவதுதான் இவற்றில் மிகப் பெரிய தவறு. அப்படிக் கொடுக்கப்படும் மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், சிவப்பும் வலியும் ஒரு நாள் இரண்டு நாள் அடங்கியதுபோல் தோன்றும். அந்த மறைவில் உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்கும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டை, கண் தெளிந்துவிட்டது என்று நினைத்து இரண்டாம் வாரத்திலேயே ஒரேயடியாக நிறுத்திவிட்டால், அடங்கியிருந்த அழற்சி மீண்டும் கிளம்பும். சொல்லியபடி படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு, இளநீர், பன்னீர் எதுவும் அறுவை செய்த கண்ணில் படக் கூடாது. இவற்றை நம்பிச் சொல்லும் பெரியவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் கிருமி நீக்கப்படாத எந்தத் திரவமும் ஆறாத புண்வாய்க்கு ஆபத்து. மற்றவருக்கு வாங்கிய சொட்டு மருந்தையும் போன வருடம் திறந்த பாட்டிலையும் எடுத்துப் போடவே வேண்டாம்.

கிளம்புவதற்கு முன்

அறுவை செய்த மருத்துவமனைக்கு முதலில் தொலைபேசியில் பேசுங்கள். பேசும்போது "கண் சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் "நாளைக்கு ஓபிக்கு வாருங்கள்" என்ற பதில் வரலாம். "அறுவை முடிந்து இத்தனையாவது நாள், நேற்று காலண்டரில் தேதி தெரிந்தது, இன்று விரல் எண்ண முடியவில்லை, எண்டாப்தால்மைட்டிஸாக இருக்குமோ என்று ஐயப்படுகிறோம்" என்று சொல்லுங்கள். பிறகு, விழித்திரை நிபுணர் இப்போது இருக்கிறாரா, கண்ணுக்குள் ஊசி இன்றே போட முடியுமா என்ற இரண்டையும் கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால், அங்கே போய்க் காத்திருப்பதைவிட, விழித்திரைப் பிரிவு இயங்கும் பெரிய கண் மருத்துவமனைக்கு நேராகப் போவதே நல்லது. சென்னையைச் சுற்றி உள்ளவர்களுக்கு, 1819இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், பிற ஊர்களில் அதன் கிளைகளும் இருக்கின்றன. கொழும்பில் தேசிய கண் மருத்துவமனை இருக்கிறது. முகாமில் அறுவை செய்துகொண்டவர்கள், முகாம் ஒருங்கிணைப்பாளரைத் தேடிப்பிடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

டிஸ்சார்ஜ் சீட்டு, வைக்கப்பட்ட லென்ஸின் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டை, போட்டுக்கொண்டிருக்கும் எல்லாச் சொட்டு மருந்துப் பாட்டில்கள், சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், கடைசியாக உணவு உட்கொண்ட நேரம், நீங்கள் குறித்து வைத்த காலண்டர் தாள்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பாட்டில்களைத் தூக்கி எறியாதீர்கள். தொற்று எங்கிருந்து வந்தது என்று தேடும்போது அவற்றையும் சோதிக்க வேண்டியிருக்கலாம். உங்களோடு அன்று அறுவை செய்துகொண்ட வேறு யாருக்காவது இதே தொல்லை இருப்பதாகத் தெரிந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லால், இன்னும் அறிகுறி தெரியாத மற்றவர்களை அன்றே அழைத்துப் பார்க்க வழி பிறக்கும். பயணத்தின்போது கண்ணின் மேல் பிளாஸ்டிக் மூடி இருக்கட்டும். துணியால் இறுக்கிக் கட்ட வேண்டாம்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

பார்வையைச் சோதித்து, ஸ்லிட் லாம்ப் என்ற ஒளிக்கீற்று நுண்ணோக்கியில் கண்ணைப் பார்ப்பார்கள். உள்ளே எதுவும் தெரியாத அளவுக்குக் கலங்கியிருந்தால் கண்ணுக்கு அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். அதன்பின், மரத்துப்போக மருந்து கொடுத்து, கண்ணின் உள்ளிருந்து சில துளித் திரவத்தை ஊசியால் எடுத்துக் கிருமிச் சோதனைக்கு அனுப்புவார்கள். அதே அமர்வில் எதிர்ப்பு மருந்தை உள்ளே செலுத்துவார்கள். வழக்கமாகக் கொடுப்பவை வேன்கோமைசின் 1 மில்லிகிராம், செஃப்டாசிடைம் 2.25 மில்லிகிராம், ஒவ்வொன்றும் 0.1 மில்லி அளவு திரவத்தில். சோதனை முடிவு வரும்வரை காத்திருப்பதில்லை. பூஞ்சை என்று ஐயம் இருந்தால் மருந்து மாறும்.

"கண்ணில் ஊசி" என்றதும் பலர் மிரண்டு, "மாத்திரையோ குளுக்கோஸில் மருந்தோ கொடுக்கக் கூடாதா?" என்று கேட்பார்கள். இரத்தத்தில் உள்ள மருந்து விட்ரியஸுக்குள் போதிய அளவில் புகாதபடி விழித்திரையின் இரத்தக் குழாய்களில் இயற்கையே ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. 1995ஆம் ஆண்டு ஆய்வில், கண்ணுக்குள் ஊசி போட்டவர்களுக்குக் கூடுதலாக நரம்பு வழியே மருந்து கொடுத்ததால் தனிப் பயன் எதுவும் கிடைக்கவில்லை. வெளியே போடும் சொட்டும் அவ்வளவு ஆழத்துக்கு எட்டுவதில்லை. ஆகவே ஊசிக்கான ஒப்புதல் கையெழுத்தை, ஊரிலிருந்து அண்ணன் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

விட்ரெக்டமி என்ற அறுவையில் சீழ் கலந்த விட்ரியஸையே வெட்டி எடுத்துவிடுவார்கள். கண்புரை அறுவைக்குப் பின் வந்த தொற்றில், வெளிச்சம் மட்டும் தெரியும் நிலையில் வந்தவர்களுக்கு உடனடி விட்ரெக்டமி தெளிவான பலன் தந்தது என்றும், கை அசைவோ அதற்கு மேலோ தெரிந்தவர்களுக்கு ஊசி மட்டுமே போதுமானதாக இருந்தது என்றும் அதே ஆய்வு காட்டியது. காலண்டரையும் கையசைவையும் வைத்துச் சோதிக்கச் சொன்னது இதற்காகத்தான். கருவிகள் மேம்பட்டுவிட்ட இன்றைக்கு, முன்கூட்டியே விட்ரெக்டமி செய்ய விரும்பும் நிபுணர்களும் இருக்கிறார்கள். ஏன் இதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

ஊசி போட்ட மறுநாளே பார்வை திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கிருமி செத்தாலும் அழற்சி அடங்க நாளாகும்; முதல் நாள் கண் மோசமாகத் தெரிவதும் உண்டு. இரண்டு மூன்று நாட்களில் மறுபடி மதிப்பிட்டு, தேவைப்பட்டால் இன்னோர் ஊசி போடுவார்கள். காலத்தில் சிகிச்சை பெற்றால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் அளவு வேண்டுமானால், அந்த ஆய்வின் முடிவில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள், நூற்றுக்கு 53 பேர், 6/12 (நல்ல பார்வை உள்ளவர் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிக்கும் அளவு) அல்லது அதைவிட நல்ல பார்வையைப் பெற்றார்கள். கிருமியின் வகைக்கு இதில் பெரும்பங்கு உண்டு. தோலில் வாழும் சாதாரண ஸ்டஃபைலோகாக்கஸ் என்றால் நம்பிக்கை அதிகம், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றால் குறைவு.

வராமல் தடுக்க

தடுப்பில் பெரும்பகுதி அறுவை அரங்கத்தின் பொறுப்பு. அறுவைக்குச் சற்று முன் கண்ணில் 5 சதவீதப் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி விடுவது முக்கியமான படி. அறுவை முடியும்போது கண்ணுக்குள்ளேயே எதிர்ப்பு மருந்து செலுத்துவது அடுத்தது: அரவிந்த் மருத்துவமனைகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான கட்டுரையில், மாக்சிஃபிளாக்சசின் செலுத்தாதபோது பத்தாயிரத்துக்கு 7 ஆக இருந்த தொற்று, செலுத்தத் தொடங்கிய பின் 2 ஆகக் குறைந்திருந்தது. "உங்கள் மருத்துவமனையில் இது செய்யப்படுகிறதா?" என்று அறுவைக்கு முன் நோயாளி தாராளமாகக் கேட்கலாம்.

நோயாளியின் பங்கு இரண்டு இடங்களில் இருக்கிறது. அறுவைக்கு முன், மூக்கோரக் கண் மூலையை அழுத்தினால் சீழோ நீரோ வருகிறது, இமை விளிம்பில் செதில் படிகிறது, சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்பனவற்றை மறைக்காமல் சொல்லி, அவற்றைச் சரிசெய்துகொண்ட பிறகே அறுவைக்கு நாள் குறிக்க வேண்டும். அறுவைக்குப் பின், சொட்டு மருந்து விடும் முறை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்து, பாட்டிலின் முனை இமையிலோ முடியிலோ படாதபடி ஒரு சொட்டு விட்டால் போதும். இரண்டு மருந்துகள் இருந்தால் நடுவே ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் முதல் மருந்தை இரண்டாவது கழுவிவிடும். பிரெட்னிசலோன் போல அடியில் வெள்ளையாகத் தங்கும் மருந்துகளை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்காவிட்டால் கண்ணில் விழுவது பெரும்பாலும் வெறும் நீர்தான். வீடுகளில் மிக அதிகமாக நடக்கும் பிழை இது. தலைக்குக் குளிப்பது, அடுப்புப் புகை, மாட்டுத் தொழுவம், வயல் தூசு ஆகியவற்றை மருத்துவர் சொன்ன நாள்வரை தவிர்க்க வேண்டும்.

நாள்பட்டு வரும் தொற்று

ஆறு வாரம் கடந்துவிட்டால் ஆபத்து முற்றிலும் நீங்கிவிட்டது என்று கொள்ள முடியாது. மெதுவாக வளரும் சில பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும், லென்ஸ் வைத்த உறைக்குள் ஒளிந்திருந்து, மாதங்கள் கழித்து இலேசான சிவப்பும் மங்கலுமாக வெளிப்படும். ஸ்டீராய்டு சொட்டு போட்டால் அடங்கும், நிறுத்தினால் திரும்பும். இப்படி இரண்டாம் முறை திரும்பினால், "சாதாரண அழற்சி" என்ற பெயரிலேயே மூன்றாவது பாட்டிலை வாங்குவதற்கு முன், விழித்திரை நிபுணர் ஒருவரிடம் காட்டிக் கிருமிச் சோதனை தேவையா என்று கேளுங்கள். கண்நீர் அழுத்தத்துக்காக மேல் இமைக்கடியில் வடிகால் அறுவை செய்துகொண்டவர்களுக்கோ, பல ஆண்டுகள் கழித்தும் அந்த இடம் வழியே தொற்று உள்ளே இறங்கலாம். அவர்கள் கண் சிவந்து பீளை தள்ளினால் "மெட்ராஸ் ஐ" என்று விட்டுவிடாமல், பழைய அறுவையைச் சொல்லி அன்றே காட்ட வேண்டும். ஒரு கண்ணில் தொற்று வந்து ஆறியவர், அடுத்த கண்ணுக்குப் புரை எடுக்கப் போகும்போது அந்தக் கோப்பையும் கிருமிச் சோதனை முடிவையும் கையோடு எடுத்துச் சென்று, அறுவை மருத்துவரிடம் முதலிலேயே காட்டிவிட வேண்டும்.